சிரிப்பு நின்ற இடம்: சல்வத்தோர் ரோசாவின் டெமாக்ரிட்டஸ் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மேசைக்கு மேலே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறேன். அசல் இல்லை. அருங்காட்சியகம் ஒன்று இணையத்தில் இலவசமாகத் தரும் படத்தை நல்ல தாளில் அச்சடித்துச் சட்டம் போட்டது. இடிந்த கல்லறைகளுக்கு நடுவில் ஒரு மனிதர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருக்கிறார். அவரைச் சுற்றி எலும்புகளும் மண்டையோடுகளும் கிடக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது இதுதான். "இது யாரு?" என்று ஆரம்பிப்பார்கள், காபி ஆறும்வரை பேச்சு போகும். பல வருடங்களாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் தேடிப் படித்துச் சொல்லப் பழகிய பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன படம்? யார் வரைந்தது?

படத்தின் பெயர் 'சிந்தனையில் ஆழ்ந்த டெமாக்ரிட்டஸ்'. வரைந்தவர் இத்தாலிய ஓவியர் சல்வத்தோர் ரோசா. 1615இல் நேப்பிள்ஸ் நகரை ஒட்டிய அரெனெல்லா என்ற ஊரில் பிறந்தார், 1673இல் ரோமில் இறந்தார். இந்தப் படத்தை அவர் 1662இல் ரோமில் செய்தார். அசல் தாள் சுமார் 46 செ.மீ. உயரமும் 27 செ.மீ. அகலமும் கொண்டது.

இதே காட்சியை அவர் முன்பே, 1650-51இல், எண்ணெய் வண்ணத்தில் மூன்று மீட்டருக்கும் மேலான உயரத்தில் தீட்டியிருந்தார். அந்தப் பெரிய ஓவியம் இன்று டென்மார்க்கின் கோபன்ஹேகனில், தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆக, ஒரே காட்சியை ஒரே கை பதினோரு வருட இடைவெளியில் இரண்டு முறை வரைந்திருக்கிறது. ஆளைவிடப் பெரிய ஓவியமாக ஒரு முறை, மடியில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு முறை. அந்தப் பதினோரு வருடத்தில் நடந்ததைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பேனாவால் வரைந்ததா, அச்சடித்ததா?

இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். இது எச்சிங். செப்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த ஒரு மெல்லிய பூச்சைப் பூசி, மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவார்கள். அதன்மேல் கூரான ஊசியால் வரைய வேண்டும். ஊசி போன இடத்தில் பூச்சு விலகிச் செம்பு பளிச்சென்று தெரியும். பிறகு தகட்டை அமிலத்தில் விட்டால், ஊசி திறந்துவிட்ட கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கும், பூச்சு இருக்கும் இடம் தப்பிக்கும். எவ்வளவு நேரம் அமிலத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. கடைசியில் பூச்சைக் கழுவிவிட்டு, பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை மேலே வைத்து உருளை அழுத்தியில் ஓட்டுவார்கள். பள்ளத்தில் இருந்த மை தாளுக்கு வந்துவிடும்.

உளியால் செம்பைச் செதுக்குகிற முறையில் கை இறுகித்தான் போகும். எச்சிங்கில் ஊசி மெழுகின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும், பேனாவால் கிறுக்குகிற மாதிரி. அதனால்தான் இதைப் பார்ப்பவர்களுக்கு "வரைந்தது" என்றே தோன்றுகிறது. அந்தத் தோற்றம் சரிதான். முறிந்த கிளைகளின் நுனியைப் பாருங்கள், யோசித்து இழுத்த கோடு அங்கே ஒன்றுகூட இல்லை, எல்லாம் மணிக்கட்டின் வேகம். சில இடங்களில் அமிலத்தின் உதவி இல்லாமல் ஊசியால் நேரே செம்பைக் கீறியும் இருக்கிறார். அந்தக் கீறல்கள் அச்சில் சற்றே மெத்தென்று, வெல்வெட் போல விழும்.

ஒரு சங்கடம் உண்டு. தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலமாகத்தான் விழும். கீழே இருக்கும் எழுத்துகளைத் தகட்டில் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும்.

டெமாக்ரிட்டஸ் யார்?

கி.மு. 460ஐ ஒட்டி, கிரேக்க உலகின் வடக்கு ஓரத்தில் இருந்த திரேஸ் பகுதியின் அப்டெரா நகரில் பிறந்த தத்துவஞானி. உலகம் முழுவதும், பிளக்க முடியாத நுண்துகள்களாலும் அவை நகர்வதற்கான வெற்றிடத்தாலும் ஆனது என்று சொன்னவர். அந்தத் துகளுக்கு அவர் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் 'அணு' என்று நாம் மொழிபெயர்க்கும் 'ஆட்டம்' (atom) என்ற சொல். இனிப்பு, கசப்பு, சூடு, குளிர், நிறம் எல்லாம் நம் வழக்கில் இருப்பவை, உண்மையில் இருப்பவை அணுக்களும் வெற்றிடமும்தான் என்பது அவருடைய புகழ்பெற்ற கூற்று. அவருடைய குரு லியூசிப்பஸ்.

அவர் எழுதியவற்றின் பட்டியல் மிக நீளமானது. கணிதம், இசை, மருத்துவம், வேளாண்மை, ஒழுக்கம் என்று அவர் தொடாத துறையே இல்லை. ஒரு முழு நூல்கூட நமக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் மேற்கோள் காட்டிய துண்டுகள்தான் மிச்சம். இந்தப் படத்தின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். எல்லாம் உதிர்ந்து கிடக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரின் சொந்த எழுத்தும் உதிர்ந்துதான் போயிற்று.

'சிரிக்கும் தத்துவஞானி' என்ற பெயர் அவருக்கு எப்படி வந்தது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

ஹிப்போகிரட்டீஸ் என்ற மருத்துவரின் பெயரில் சில கடிதங்கள் வழங்கி வந்தன. அவர் எழுதியவை அல்ல, பிற்காலத்தவர் புனைந்தவை. ஆனாலும் நூற்றாண்டுகளாக ஐரோப்பா அவற்றை விரும்பிப் படித்தது. அதில் வரும் கதை இது. அப்டெரா ஊர்க்காரர்கள் ஹிப்போகிரட்டீசுக்கு ஆள் அனுப்புகிறார்கள்: எங்கள் ஊர்ப் பெரிய மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நல்லது கெட்டது எதைப் பார்த்தாலும் சிரிக்கிறார், சீக்கிரம் வந்து குணப்படுத்துங்கள்.

மருத்துவர் கோஸ் தீவிலிருந்து கப்பலேறி வருகிறார். ஊருக்கு வெளியே, படர்ந்த ஒரு மரத்தடியில், காலில் செருப்புகூட இல்லாமல் டெமாக்ரிட்டஸ் உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு சுவடி. சுற்றிலும் அறுத்துப் போட்ட விலங்குகள். சிறிது எழுதுகிறார், எழுந்து நடக்கிறார், விலங்கின் குடலை எடுத்துப் பார்க்கிறார், மறுபடியும் உட்கார்ந்து எழுதுகிறார். "என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்டால், "பைத்தியத்தைப் பற்றி" என்கிறார். மனித மனத்தைக் கலக்கும் பித்தம் உடலில் எங்கே இருக்கிறது என்று விலங்குகளை அறுத்துத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

பேச்சு வளர்கிறது. ஏன் சிரிக்கிறீர் என்று மருத்துவர் கேட்கிறார். மனிதர்களைப் பார்த்துத்தான் என்கிறார் டெமாக்ரிட்டஸ். பொன்னுக்காகப் பூமியைத் தோண்டுகிறார்கள், கல்யாணம் செய்துகொண்டு உடனே வெறுக்கிறார்கள், பிள்ளை பெற்று வளர்த்துப் பிறகு விரட்டுகிறார்கள், சண்டை போட்டு ஜெயித்த பிறகு அதே சண்டைக்குத் திரும்புகிறார்கள். கேட்டுக் கேட்டு ஹிப்போகிரட்டீஸ் மனம் மாறிப்போகிறார். இந்த ஊரிலேயே தெளிந்த புத்தியுள்ளவர் இவர்தான், மருந்து வேண்டியது மற்றவர்களுக்கு என்று தெரிந்துகொண்டு திரும்புகிறார்.

இதோடு இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. எபெசஸ் நகரத்துத் தத்துவஞானி ஹெராக்ளிட்டஸ் உலகத்தைப் பார்த்து அழுபவர், டெமாக்ரிட்டஸ் சிரிப்பவர் என்று ரோமானியர்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார்கள். வாசல்படியைத் தாண்டி ஓர் அடி வைத்தாலே ஒருவருக்குச் சிரிப்பு, மற்றவருக்கு அழுகை என்று ரோமானியக் கவிஞர் ஜுவெனல் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர்களுக்கு இந்த ஜோடி மேல் அவ்வளவு ஆசை. ரூபென்ஸ் 1603இல் ஸ்பெயினில் இருந்தபோது வரைந்தார். ஹாலந்தில் தெர்புருகென் 1628இல் இருவரையும் தனித்தனிப் படங்களாக வரைந்தார். எல்லாவற்றிலும் டெமாக்ரிட்டஸ் பல் தெரியச் சிரிப்பார், அல்லது உதட்டோரமாவது சிரிப்பார்.

அப்படியானால் இந்தப் படத்தில் ஏன் சிரிக்கவில்லை?

மற்ற எல்லா டெமாக்ரிட்டஸ்களிடமிருந்தும் இந்தப் படம் பிரியும் இடம் இதுதான். படத்தின் அடியில் லத்தீனில் இரண்டு வரி இருக்கிறது:

'டெமாக்ரிதுஸ் ஓம்னியும் தெரிசோர்
இன் ஓம்னியும் ஃபீனே தெஃபீஜிதுர்.'

எல்லாவற்றையும் எள்ளி நகையாடிய டெமாக்ரிட்டஸ், எல்லாவற்றின் முடிவின் முன் அசைவற்றுப் போகிறான். 'ஓம்னியும்' என்றால் 'எல்லாவற்றின்'. அந்தச் சொல் இரண்டு வரியிலும் வருகிறது. முதல் வரியில் அவர் சிரித்த எல்லாம், இரண்டாம் வரியில் முடிந்துபோகும் எல்லாம். கடைசிச் சொல்லான 'தெஃபீஜிதுர்' தமிழில் ஒரே சொல்லாக வர மறுக்கிறது. ஆணி அடித்து நிறுத்தியதுபோல ஓரிடத்தில் பதிந்துவிடுவதை அது சொல்கிறது. திகைப்பும் அதில் உண்டு, கூர்ந்த கவனமும் உண்டு.

சிலர் இதை "சிரித்தவன் கடைசியில் தோற்றான்" என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. தோற்றவனின் உடம்பு தொய்ந்து கிடக்கும். இவர் தொய்யவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார். மனிதர்களின் ஆசைகளைப் பார்த்துச் சிரித்தவருக்கு, அந்த ஆசைகள் போய்ச்சேரும் இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை, அவ்வளவுதான். கேலி செய்ய எதிரே ஆள் வேண்டும். எலும்பின் முன் யாரைக் கேலி செய்வது?

கல்லறையில் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? அதுவும் ரோசாவின் கற்பனையா?

இல்லை, அதற்குப் பழைய ஆதாரம் உண்டு. தத்துவஞானிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜனீஸ் லயேர்ட்டியஸ் (பானைக்குள் வாழ்ந்த டயோஜனீஸ் வேறு, இவர் வேறு) ஒரு சிறு குறிப்பு தருகிறார். தன் மனப்பதிவுகளைச் சோதித்துப் பார்ப்பதற்காக டெமாக்ரிட்டஸ் தனிமையை நாடுவாராம், சில நேரம் கல்லறைகளுக்கு நடுவிலும் போய்த் தங்குவாராம்.

லூசியன் என்ற எழுத்தாளர் சொல்லும் கதை இன்னும் சுவையானது. பேய் பிசாசு எதுவும் கிடையாது என்பதில் உறுதியாக இருந்த டெமாக்ரிட்டஸ், ஊர் வாசலுக்கு வெளியே ஒரு கல்லறைக்குள் அடைந்துகொண்டு இரவும் பகலும் எழுதிக்கொண்டிருந்தார். ஊர் வாலிபர்கள் சிலர் அவரைப் பயமுறுத்தக் கறுப்புத் துணி உடுத்தி, மண்டையோட்டு முகமூடி மாட்டி, நடுராத்திரியில் அவரைச் சுற்றிக் குதித்து ஆடினார்கள். அவர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே, "விளையாட்டை நிறுத்துங்கள்" என்றாராம்.

பொய் மண்டையோட்டுக்கு நிமிராத மனிதர், ரோசாவின் படத்தில் நிஜ மண்டையோடுகளின் நடுவே எழுதுவதை நிறுத்தியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது படம் எனக்கு வேறாகிவிட்டது.

கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பது சோகத்துக்கா?

'கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஐரோப்பாவிலும் அந்தக் கைக்கு ஏறக்குறைய இதே பொருள்தான். உடலில் நான்கு நீர்கள் இருப்பதாகவும், அவற்றில் கரும்பித்தம் மிகுந்தவர்கள் துயரக் குணத்தினர் ஆவதாகவும் பழைய கிரேக்க மருத்துவம் சொன்னது. அந்தக் குணத்தை வரையும்போது தலையைக் கையில் தாங்கிய உருவத்தைத்தான் வரைவார்கள். ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1514இல் செதுக்கிய 'மெலன்கோலியா' அந்த வகையில் எல்லோரும் அறிந்தது. அதில் சிறகு முளைத்த ஒரு பெண், கைவிட்ட கருவிகளுக்கு நடுவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். ரோசாவின் டெமாக்ரிட்டஸ் அவளுடைய வம்சத்தைச் சேர்ந்தவர்.

ஆனால் அந்தக் குணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கரும்பித்தக்காரர்கள்தான் ஆழமாக யோசிப்பவர்கள், கலைஞர்கள், மேதைகள் என்ற நம்பிக்கையும் மறுமலர்ச்சிக் காலத்திலிருந்தே வலுவாக இருந்தது. அதனால் அந்தக் கையைச் சோகம் என்று மட்டும் படிக்க முடியாது, யோசனை என்றும் படிக்க வேண்டும். கதையில் பித்தம் எங்கே இருக்கிறது என்று விலங்குகளை அறுத்துத் தேடியவர் இங்கே பித்தக்காரரின் நிலையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அந்த விலங்குகளும் எலும்பாகிப்போய்ச் சுற்றிக் கிடக்கின்றன.

சுற்றிக் கிடக்கும் மற்ற பொருட்களுக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அகராதி பார்ப்பதுபோல அர்த்தம் தேடினால் படம் கையைவிட்டுப் போய்விடும். மனித மண்டையோடும் விலங்குகளின் மண்டையோடுகளும் ஒரே குவியலில் கிடக்கின்றன. எது யாருடையது என்பதற்கு இனி மதிப்பில்லை என்பது பார்த்தவுடன் புரியும். ஈமத்தாழியும் கல்லறைக் கற்களும் நினைவை நிலைநிறுத்தச் செய்தவை, அவையே சரிந்துவிட்டன.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். தலையும் தோளும் மட்டும் செதுக்கிய ஒரு கல்தூண் பின்னால் நிற்கிறதே, அது டெர்மினுஸ். ரோமானியர்களின் எல்லைத் தெய்வம். நிலத்தின் எல்லையில் நட்டு வைக்கும் அந்தத் தெய்வத்தைப் பதினேழாம் நூற்றாண்டினர் வாழ்வின் எல்லைக்கும் அடையாளமாகக் கொண்டார்கள்.

ரோசா ஏன் இந்தக் காட்சியைத் தேர்ந்தெடுத்தார்? யாராவது செய்யச் சொன்னார்களா?

யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அதுவே அபூர்வம். பொதுவாக ஒரு கர்தினாலோ பிரபுவோ விஷயத்தைச் சொல்லி முன்பணம் கொடுப்பார், ஓவியர் வரைவார். ரோசாவுக்கு அந்த ஏற்பாடு ஒத்துவரவில்லை. பணம் சேர்ப்பதற்காக வரைவதில்லை, மனத்தில் எழுச்சி வரும்போதுதான் தூரிகையைத் தொடுவேன் என்று சிசிலியைச் சேர்ந்த அந்தோனியோ ரூஃபோவுக்குக் கடிதம் எழுதினார். (இதே ரூஃபோவுக்காகத்தான் ரெம்பிராண்ட் 1653இல் ஹோமரின் சிலைமேல் கை வைத்து நிற்கும் அரிஸ்டாட்டிலை வரைந்து அனுப்பினார்.) பெரிய டெமாக்ரிட்டஸ் ஓவியத்தை ரோசா தானாகவே தீட்டி, 1651இல் ரோமின் பாந்தியன் கோயிலில் நடந்த ஓவியக் காட்சியில் வைத்தார். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் படத்தை மாட்டித் தன் பெயரைத் தானே நிலைநாட்டிக்கொள்ளும் துணிச்சல் அவருக்கு இருந்தது.

ஆனால் காட்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதைவிட நெருக்கமானது என்று நான் நம்புகிறேன். ரோசாவே ஒரு நையாண்டிக்காரர். படம் வரைவதோடு அங்கதக் கவிதைகள் எழுதினார், மேடையில் நடித்தார், வீணை போன்ற கம்பிக் கருவிகள் வாசித்தார். ரோமில் 1639 கார்னிவல் காலத்தில் கோமாளி வேடம் கட்டி, அன்று ரோமின் கலையுலகையே கையில் வைத்திருந்த சிற்பி பெர்னினியை மேடையில் கேலி செய்தார். அதன்பிறகு அவர் ரோமை விட்டு ஃபிளாரன்ஸ் போய், மெடிச்சி குடும்பத்தின் ஆதரவில் கிட்டத்தட்ட பத்து வருடம் இருந்தார். ரோமுக்குத் திரும்பியபின் 1659இல், அதிர்ஷ்ட தேவதை தகுதியில்லாத மிருகங்களின் மேல் செல்வத்தைக் கொட்டுவதாக ஒரு படம் வைத்தார். போப்பின் தரப்பைத் தாக்குகிறது என்று சொல்லி அவரைச் சிறையில் போடும் அளவுக்குப் போயிற்று, தப்பித்தார்.

இப்படிப்பட்டவர்தான் 'எல்லாவற்றையும் எள்ளி நகையாடியவன்' என்று டெமாக்ரிட்டஸின் அடியில் எழுதினார். அது தன்னைப் பற்றியும் எழுதியது என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஒரு நையாண்டிக்காரர், தன் தொழிலின் மூத்தவர் வாயடைத்து உட்கார்ந்திருக்கும் கணத்தை வரைந்திருக்கிறார்.

ஓவியத்துக்கும் எச்சிங்குக்கும் இடையில் என்ன நடந்தது?

1656இல் நேப்பிள்ஸில் பிளேக் வந்தது. அந்த நகரத்தின் பெரும் பகுதியைக் கொண்டுபோயிற்று. ரோசாவின் மகன் ரோசால்வோ அப்போது அங்கே உறவினர்களோடு இருந்தான். அவன் இறந்தான். ரோசாவின் சகோதரர் இறந்தார். சகோதரியும், அவள் கணவரும், அவர்களுடைய குழந்தைகளும் இறந்தார்கள். ரோமில் இருந்த ரோசாவுக்குச் செய்தி மட்டும் வந்தது.

அதையொட்டி அவர் வரைந்த 'மனித நிலையின்மை' என்ற ஓவியம் இன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாயின் மடியில் ஒரு குழந்தை. சிறகுள்ள ஓர் எலும்புக்கூடு அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைக்கிறது. நமக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுப்பார்களே, அதே பிடி. குழந்தை எழுதும் லத்தீன் வரிகளின் பொருள்: கருவாவது பாவம், பிறப்பது தண்டனை, வாழ்வது பாடு, சாவது கட்டாயம். அந்தப் படத்தை நான் சுவரில் மாட்டவில்லை. அதற்கு என்னால் முடியாது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் கழித்துத்தான் ரோசா மறுபடி டெமாக்ரிட்டஸிடம் வந்தார், செப்புத் தகட்டோடு. 1651இல் அந்தக் காட்சி படித்தறிந்த ஒரு மனிதரின் கருத்தாக இருந்திருக்கலாம். 1662இல் அதே எலும்புகளை ஒவ்வொன்றாக ஊசியால் வரையும்போது அது வெறும் கருத்தாக இருந்திருக்க முடியாது. அந்த வருடங்களில் தன் பெரிய ஓவியங்களை எச்சிங்காக்கி அச்சடித்துப் பரப்புவதில் அவர் மும்முரமாக இருந்தார், வேறு பல படங்களும் அப்போது வந்தன என்பதும் உண்மைதான். துயரத்தால்தான் இதைச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கை எதையெல்லாம் கடந்து வந்த கை என்பதை மறந்துவிட்டுப் படத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

இதில் 'பரோக்' என்பது எது?

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப்பாணிக்குப் பரோக் என்று பெயர். ரோசாவின் காலமே பரோக் காலம். இன்னும் குறிப்பாகக் கேட்டால்: வெளிச்சமும் இருட்டும் மோதுவது, மரமும் வானமும் மனிதரின் மனநிலைக்கு ஏற்பக் கொந்தளிப்பது, பார்ப்பவரை நேரே உலுக்க நினைப்பது. பழைய தத்துவஞானியை வெண்பளிங்குச் சிலைபோல நிறுத்தாமல், ஏழை போல, கிழிந்த நிலத்தின் நடுவே உட்கார வைப்பதும் அந்தக் காலத்தின் குணம்தான்.

இதற்கு ஜோடிப் படம் உண்டாமே?

உண்டு. 'கிண்ணத்தை எறியும் டயோஜனீஸ்'. ஒரு சிறுவன் இரு கைகளையும் குவித்து நீரள்ளிக் குடிப்பதைப் பார்த்து, "எளிமையில் இந்தப் பையன் என்னை ஜெயித்துவிட்டான்" என்று சொல்லித் தன் கிண்ணத்தை, பானைக்குள் வாழ்ந்த அந்த டயோஜனீஸ் வீசியெறிந்த கதை. பெரிய ஓவியங்கள் இரண்டையும் வெனிஸ் நாட்டுத் தூதர் நிக்கோலோ சக்ரேதோ வாங்கினார். இன்றும் கோபன்ஹேகனில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. டயோஜனீஸையும் ரோசா எச்சிங்காகச் செய்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஒருவர் தானாகவே ஒன்றைக் கைவிடுகிறார், மற்றவர் எல்லாம் கைவிட்டுப் போவதைப் பார்க்கிறார்.

அணுக் கொள்கைக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தம் உண்டா?

ரோசா அதை நினைத்து வரைந்தார் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை, இது என் வாசிப்பு. டெமாக்ரிட்டஸின் கணக்கில், எதுவும் இல்லாமல் போவதில்லை. கூடிய அணுக்கள் பிரிகின்றன, வேறாகக் கூடுகின்றன. மனிதரின் உடல் கரைந்துவிடும் என்பதை அறியாதவர்கள்தான், இறந்தபின் என்ன ஆகும் என்று பொய்க்கதைகள் கட்டிப் பயத்திலேயே வாழ்நாளைக் கழிக்கிறார்கள் என்ற பொருளில் அவர் பெயரால் ஒரு துண்டு கிடைத்திருக்கிறது. அதை எழுதியவர் எலும்புக் குவியலைப் பார்த்துப் பயப்பட மாட்டார். இந்தப் படத்தில் கல், மரம், எலும்பு எல்லாமே ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கோடுகளால் ஆனவை. கிட்டே போய்ப் பார்த்தால் எது மரத்தின் வேர், எது விலா எலும்பு என்று சில இடங்களில் பிரிக்கவே முடியாது. எல்லாம் ஒரே துகள்களால் ஆனது என்று சொன்னவரின் படத்துக்கு அது எவ்வளவு பொருத்தம்!

அசலை எங்கே பார்க்கலாம்? எப்படிப் பார்ப்பது?

எச்சிங் என்பதால் 'ஒரே அசல்' கிடையாது, ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுத்திருக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உட்படப் பல இடங்களில் இருக்கிறது. ரோசாவின் பேனா வரைபடங்களைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஜெர்மனியின் லைப்ஸிக் நகர அருங்காட்சியகத்தில் பெரிய தொகுப்பு உண்டு. இணையத்தில் பெரிதாக்கிப் பார்த்தாலே நிறையக் கிடைக்கும்.

முதலில் தள்ளி நின்று வெளிச்சம் எங்கே விழுகிறது என்று மட்டும் பாருங்கள். அந்த வெளிச்சம் மையால் வந்ததல்ல, தாளின் வெறுமை. அப்புறம் கிட்டே போங்கள். அடியில் பெயரோடு 'இன்வ்.' என்றும் 'ஸ்கல்.' என்றும் இரு சுருக்கங்கள் தெரியும். கற்பனை செய்ததும் தகட்டில் தீட்டியதும் தானே என்று ரோசா சொல்லிக்கொள்கிறார். மற்ற ஓவியர்கள் பலர் தகட்டு வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட படத்தை வீட்டில் மாட்டலாமா?

என் அத்தை ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்பார். "சுடுகாட்டுப் படத்தை யாராவது வீட்டில் வைப்பார்களா?" என்பார். அவரிடம் நான் வாதாடுவதில்லை. அவர் தங்கும் நாட்களில் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அவர் கிளம்பியதும் மறுபடி மாட்டுவேன். எனக்கு இது சாவைப் பற்றிய படமாகத் தெரியவில்லை. இதில் உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், அவர் கண் திறந்திருக்கிறது.

அப்புறம் அவருக்கு என்ன ஆயிற்று? எழுந்து வீட்டுக்குப் போனாரா?

அத்தையின் பேத்தி கேட்ட கேள்வி இது. அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் தருகிறேன், லயேர்ட்டியஸ் எழுதி வைத்திருப்பதுதான். டெமாக்ரிட்டஸ் தள்ளாத வயதில் சாகும் தறுவாயில் இருந்தார். கூட இருந்த தங்கைக்கு ஒரே கவலை. தெஸ்மோஃபோரியா என்ற பெண்களின் திருவிழா நெருங்கிவிட்டது, அண்ணன் அந்த நேரத்தில் இறந்துபோனால் தன்னால் கோயிலுக்குப் போக முடியாது. "கவலைப்படாதே" என்றார் அண்ணன். தினமும் சூடான ரொட்டி கொண்டுவரச் சொன்னார். அதை மூக்கருகே வைத்து வாசனையை மட்டும் இழுத்துக்கொண்டு திருவிழாவின் மூன்று நாளும் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். விழா முடிந்து தங்கை திரும்பி வந்த பிறகு, வலியில்லாமல் போய்ச்சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 109 என்று ஹிப்பார்கஸ் என்பவர் சொன்னதாக லயேர்ட்டியஸ் எழுதுகிறார்.

"ரொட்டியைச் சாப்பிடவே இல்லையா?" என்று கேட்டாள். வாசனை மட்டும்தான் என்றேன்.